நாட்டுச் சேமிப்பும் நம்மவர் சேமிப்பும்

மாசிமகத் திருவிழாவின்போது நம் விருத்தாசலத்துக் கடைகளில் மண்ணாலும் பீங்கானாலும் ஆன உண்டியல்கள் விற்பனைக்கு வைக்கப்பட்டிருப்பதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். காசு போடுவதற்கு ஒரு சிறு துளை உண்டு, எடுப்பதற்கு வழியில்லை, உடைத்தால்தான் உண்டு. சேமிப்பு என்னும் சொல்லின் பொருளை நம் பிள்ளைகளுக்கு முதலில் கற்பிக்கும் ஆசான் அந்த உண்டியலே எனலாம். ஆயினும் அதைக் காணுந்தோறும் நம் நெஞ்சில் பழைய சொல் ஒன்று முள்ளாய்த் தைப்பதுண்டு.

நாம் ஆசிரியப் பணியில் புதிதாய்ச் சேர்ந்திருந்த காலம் அது. ஓய்வறையில், உடன் பணியாற்றிய மூத்தவர் ஒருவர், உலக நாடுகளின் முன்னேற்றத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். ஜப்பானியர் பிறவியிலேயே சிக்கனமானவர்கள், ஆதலால் அந்நாடு உயர்ந்தது என்றார். பிறகு நம் பக்கம் திரும்பி, "உங்கள் மக்கள் கையில்தான் காசு தங்குவதே இல்லை, சார். அது இரத்தத்திலேயே இல்லை" என்றார். பகைமையோடு அவர் சொல்லவில்லை, பரிவோடுதான் சொன்னார். அதனாலேயே அச்சொல் ஆழமாகத் தைத்தது. அன்று நம்மிடம் தக்க விடை இல்லை. நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலருக்குக் கட்டுரை ஒன்று எழுதுமாறு சங்கத்தார் பணித்தபோது, காலம் கடந்தேனும் அவ்விடையை எழுதிவிடுவது என்று முடிவு செய்தோம். அவர் கூற்றை மறுப்பதற்கு நாம் சினங்கொள்ள வேண்டியதில்லை. வரலாற்றைப் புரட்டிப் பார்த்தாலே போதும்.

சேமிப்பு என்பது யாது?

ஒரு நாட்டு மக்கள் ஓராண்டில் ஈட்டும் மொத்த வருமானத்தில், அவ்வாண்டிலேயே உண்டும் உடுத்தும் செலவழித்தும் தீர்த்தவை போக எஞ்சியிருப்பதே நாட்டுச் சேமிப்பு. வருமானம் 100 ரூபாயாக இருந்து, அதில் 30 ரூபாய் எஞ்சுமானால், அந்நாட்டின் சேமிப்பு விகிதம் 30 விழுக்காடு. இவ்வாறு எஞ்சியதுதான் தொழிற்சாலையாகவும் இருப்புப்பாதையாகவும் அணையாகவும் பள்ளிக் கட்டடமாகவும் உருமாறுகிறது. போதிய சேமிப்பில்லாத நாடு இவற்றிற்கெல்லாம் பிறநாட்டாரிடம் கையேந்த நேரும்.

இச்சேமிப்பைச் செய்வோர் மூவர். குடும்பங்கள் ஒன்று, இலாபத்தைப் பங்கிட்டுவிடாமல் நிறுத்தி வைக்கும் தொழில் நிறுவனங்கள் இரண்டு, வரவுக்குள் செலவை அடக்கும் அரசு மூன்று. ஆகவே ஒரு நாட்டின் சேமிப்பு குறைவு என்றால், அந்நாட்டுக் குடும்பங்கள் ஊதாரிகள் என்று உடனே முடிவு கட்டுதல் பிழையாகும். நம் நாட்டிலேயே, இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் குடும்பங்கள் நன்றாகச் சேமித்துக்கொண்டிருந்த வேளையில், அரசுத் துறையின் சேமிப்பு சுழிக்கும் கீழே போயிருந்தது.

இனிக் கணக்கைப் பார்ப்போம். 1950-51-ஆம் ஆண்டில் இந்திய நாடு தன் வருமானத்தில் ஏறத்தாழ 9 விழுக்காட்டையே சேமித்தது. 1970-களின் இறுதியில் அது 20 விழுக்காட்டைத் தாண்டியது. 2007-08-ஆம் ஆண்டில் 36 விழுக்காட்டையும் கடந்தது. அதன் பின்னர் இறங்கி, அண்மை ஆண்டுகளில் 30 விழுக்காட்டை ஒட்டி நிற்கிறது. இதே காலத்தில் சீன நாடு தன் வருமானத்தில் பாதியையே சேமிக்கும் நிலையை எய்தியது. அமெரிக்க ஐக்கிய நாட்டிலோ, 1970-களில் வரிபோக எஞ்சிய வருமானத்தில் 10 விழுக்காட்டிற்கு மேல் சேமித்துவந்த குடும்பங்கள், 2005-ஆம் ஆண்டளவில் சுமார் 3 விழுக்காட்டிற்கு இறங்கிவிட்டன.

சிக்கனம் இரத்தத்தில் ஊறிய குணம் என்றால், அறுபது ஆண்டுகளுக்குள் இந்தியரின் இரத்தம் நான்கு மடங்கு மாறிவிட்டதா? அமெரிக்கரின் இரத்தம் முப்பது ஆண்டுகளில் நீர்த்துவிட்டதா? அறிவுடையோர் எவரும் அவ்வாறு சொல்லார்.

ஜப்பான் சொல்லும் பாடம்

அந்த மூத்தவர் எடுத்துக்காட்டிய ஜப்பானையே எடுத்துக்கொள்வோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அந்நாட்டிற்குச் சென்ற மேலை நாட்டார் சிலர், ஜப்பானியர் சோம்பல் மிக்கவர், நாளையைப் பற்றிக் கவலை கொள்ளாதவர் என்றே எழுதி வைத்தனர். நம்மைப் பற்றி இன்று சொல்லப்படுவது அன்று அவர்களைப் பற்றிச் சொல்லப்பட்டது.

பிறகு நிகழ்ந்தது என்ன? 1875-ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசு அஞ்சலகச் சேமிப்பைத் தொடங்கிச் சிற்றூர்தோறும் கொண்டு சென்றது. இரண்டாம் உலகப் போரில் நாடு சாம்பலான பின்னர், 1952-இல் சேமிப்பு ஊக்குவிப்பிற்கென்றே ஒரு மத்தியக் குழு அமைக்கப்பட்டது. பள்ளிகளில் சிறுவர் வங்கிகள் நடத்தப்பட்டன. பெண்கள் சங்கங்கள் குடும்ப வரவு செலவுக் கணக்கு எழுதக் கற்பித்தன. ஆண்டுக்கு இருமுறை மொத்தமாக வழங்கப்பட்ட போனஸ் ஊதியம் சேமிப்பதற்கு எளிதாயிற்று. வருமானமோ ஆண்டுதோறும் விரைந்து உயர்ந்தது. வாழ்க்கை முறை மாறும் வேகத்தைவிட வருமானம் உயரும் வேகம் மிகுதியாக இருக்கும்போது மிச்சம் தானே விழும். இவை யாவும் சேர்ந்து, 1970-களின் நடுவில் ஜப்பானியக் குடும்பங்கள் தம் வருமானத்தில் 23 விழுக்காடு வரை சேமிக்குமாறு செய்தன.

கதை இத்துடன் முடியவில்லை. 2010-ஆம் ஆண்டளவில் அதே ஜப்பானியக் குடும்பங்களின் சேமிப்பு விகிதம் 5 விழுக்காட்டிற்கும் கீழே இறங்கிவிட்டது. காரணம், அந்நாடு முதுமையடைந்தது. மனிதன் உழைக்கும் பருவத்தில் சேர்க்கிறான், ஓய்ந்த பருவத்தில் சேர்த்ததை உண்கிறான். உழைப்போர் மிகுந்த நாட்டில் சேமிப்பு உயரும். முதியோர் மிகுந்த நாட்டில் அது தாழும். இவ்வுண்மையை விளக்கிய பிராங்கோ மோடிக்ளியானி என்னும் பொருளியல் அறிஞர் 1985-இல் நோபல் பரிசு பெற்றார். தென்கொரியாவின் வரலாறும் இதனை ஒத்ததே. 1960-ஆம் ஆண்டளவில் அந்நாட்டில் சேமிப்பு என்று சொல்லத்தக்கது ஏதும் இருந்ததாகக் கூற முடியாது. 1980-களின் இறுதியில் அது 35 விழுக்காட்டைத் தாண்டிற்று. அங்கும் மக்கள் அவர்களே; மாறியவை தொழிலும் வருமானமும் அமைப்புமே.

சீனத்தின் காரணம் வேறு. 1990-களில் அரசு ஆலைகள் பல மூடப்பட்டபோது, அவை வழங்கிவந்த மருத்துவமும் வீடும் ஓய்வூதியமும் பறிபோயின. ஒரே குழந்தை என்னும் சட்டத்தால் முதுமையில் தாங்கும் பிள்ளைகளும் குறைந்தனர். ஆகவே அச்சத்தால் மக்கள் சேமித்தனர். நிறுவனங்களின் இலாபமும் அதனோடு சேர்ந்தது. சேமிப்பு மிகுதி எப்போதும் மகிழ்ச்சியின் அடையாளம் அன்று என்பதற்கு இது சான்றாகும்.

மிச்சம் இருந்தால்தானே சேமிப்பு?

இக்கேள்விக்கு விடை கண்டவருள் இருவரை நம் இளைஞர்கள் சிறப்பாக அறிந்திருத்தல் வேண்டும்.

ஒருவர் ஆர்தர் லூயிஸ். மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றாகிய செயின்ட் லூசியாவில் 1915-இல் பிறந்த கறுப்பினத்தவர். பொறியாளராக வேண்டுமென்பதே அவர் இளமைக் கனவு. கறுப்பினப் பொறியாளருக்கு அரசோ வெள்ளையர் நிறுவனமோ வேலை தராது என்பதை உணர்ந்து அக்கனவைக் கைவிட்டார். பொருளியல் பயின்று, 1954-இல் புகழ்பெற்ற கட்டுரை ஒன்றை வெளியிட்டார். வருமானத்தில் 4 அல்லது 5 விழுக்காடு சேமித்துவந்த நாடு எவ்வாறு 12 அல்லது 15 விழுக்காடு சேமிக்கும் நாடாக மாறுகிறது என்பதே வளர்ச்சியின் மையக் கேள்வி என்றார். மக்கள் திடீரெனச் சிக்கனம் கற்றுக்கொள்வதால் அம்மாற்றம் நிகழ்வதில்லை. இலாபத்தை மீண்டும் முதலாக்கும் தொழில்துறை விரிவதால்தான் நிகழ்கிறது என்று அவர் விடை கூறினார். 1979-இல் அவருக்குப் பொருளியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

மற்றவர் நம் அண்ணல் அம்பேத்கர். லூயிஸ் எழுதுவதற்கு 36 ஆண்டுகளுக்கு முன்பே, 1918-இல், இந்தியாவின் சிறு நில உடைமைகளைப் பற்றி அவர் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். நிலம் சிறிதாக இருப்பது நோயின் வேர் அன்று. நிலத்தை நம்பி வேலையின்றிக் கிடக்கும் மக்கள் மிகுந்திருப்பதே வேர் என்று அதில் காட்டினார். உழைக்க வழியில்லாதவரும் உண்டே தீர வேண்டும். ஈட்டாமல் உண்ண நேரும்போது நாட்டின் மிச்சம் கரைந்துபோகும். மிச்சம் இல்லாத இடத்தில் முதல் சேராது. ஆகவே தொழில்மயமே மருந்து என்பது அவர் முடிவு. அண்ணலைச் சட்ட மேதையாக மட்டுமே அறிந்திருக்கும் நம் இளைஞர்கள், அவர் பொருளியலில் முனைவர் பட்டம் பெற்றவர் என்பதையும் மனத்தில் கொள்ளவேண்டும்.

தென்னார்க்காட்டுப் பழங்கணக்கு

பொதுவில் பேசியது போதும். நம் மண்ணுக்கு வருவோம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் பேராசிரியராகப் பணியாற்றிய கில்பர்ட் சிலேட்டர் என்னும் ஆங்கிலேயர், தம் மாணவர்களைக் கொண்டு சில சிற்றூர்களை ஆராயச் செய்து, 1918-இல் நூலாக வெளியிட்டார். அவற்றுள் ஒன்று, அந்நாளில் நம் தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இருவேல்பட்டு. அவ்வூரில் வாழ்ந்த படியாட்களின் நிலை அந்நூலில் பதிவாகியுள்ளது. திருமணம் போன்ற செலவுக்காக ஒருவன் நிலக்கிழாரிடம் சிறு தொகை கடன் பெறுவான். அதற்கு ஈடாக அவன் உழைப்பு கட்டுண்டுவிடும். கூலியாகப் படிக்கணக்கில் தானியம் அளக்கப்படும். கடன் ஒருநாளும் தீராது. தந்தைக்குப் பின் மகன் தலையில் ஏறும். நிலம் கைமாறினால் படியாளும் உடன் கைமாறுவான்.

இளைஞர்களே, இக்கணக்கைச் சற்று நின்று நோக்குங்கள். அப்படியாளின் சேமிப்பு எவ்வளவு? சுழி என்று சொன்னால் தவறு, சுழிக்கும் கீழே. அவன் ஆயுள் முழுதும் உழைத்துப் பிறப்பித்த மிச்சம் எங்கே போயிற்று? நிலக்கிழாரின் களஞ்சியத்திற்குப் போயிற்று. அது அவருடைய சேமிப்பாக எழுதப்பட்டது. படியாளின் பெயருக்கு நேரே கடன் எழுதப்பட்டது. ஒரே உழைப்பு ஓர் ஏட்டில் ஒருவரின் சிக்கனமாகவும், மறு ஏட்டில் மற்றவரின் ஊதாரித்தனமாகவும் பதிவாயிற்று. நம் மக்கள் கையில் காசு தங்கவில்லை என்பது உண்மையே. தங்கவிடப்படவில்லை என்பது அதனினும் பெரிய உண்மை.

அவ்வளவு இடரிலும் நம் தாய்மார்கள் சேமிக்காமல் இல்லை. மணிலாக் கொட்டை பிடுங்கும் பருவத்திலும் முந்திரி பொறுக்கும் பருவத்திலும் கிடைத்த கூலியில் ஒரு பித்தளைக் குடம் வாங்கினர். ஒரு சோடி தோடு வாங்கினர். ஓர் ஆட்டுக்குட்டி வாங்கி வளர்த்தனர். வேலையற்ற மாதங்களில் குடமும் தோடும் அடகுக் கடைக்குப் போயின. ஆடு சந்தைக்குப் போயிற்று. அடுத்த பருவத்தில் மீண்டும் தொடங்கினர். எந்த அரசுக் கணக்கிலும் ஏறாத சேமிப்பு இது. சிறுதுளி பெருவெள்ளம் என்பர். துளி தவறாமல் விழுந்தது. அதைத் தேக்கக் குளம் ஒன்று நம் பக்கம் இல்லை.

குளம் வெட்டிய வரலாறு

குளங்கள் வெட்டப்படாமலும் இல்லை. நம் பக்கம் நீர் வரக் காலமாயிற்று. இந்தியாவில் அஞ்சலகச் சேமிப்பு வங்கி 1882-ஆம் ஆண்டில் தொடங்கியது. ஆனால் பல சிற்றூர்களில் அஞ்சலகம் ஊர்த் தெருவில் இருந்தது. நம்மவர் அத்தெருவில் நடக்கவும் இயலாதிருந்தது. பொது வழி, பொதுக் கிணறு, பொது அலுவலகம் ஆகியவை எல்லார்க்கும் உரியவை என்று, இரட்டைமலை சீனிவாசனார் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தின் பயனாக அரசாணை பிறந்தது 1924-இல்தான். சேமிப்பு வங்கி தொடங்கி 42 ஆண்டுகள் கழித்து, அதன் வாயிலுக்குச் செல்லும் வழி ஏட்டளவில் நமக்குத் திறக்கப்பட்டது. நடைமுறையில் திறப்பதற்கு மேலும் பல ஆண்டுகள் சென்றன.

1904-ஆம் ஆண்டின் சட்டத்தால் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் தோன்றின. அவற்றிலும் நிலமுடையவர்க்கே இடம் எளிதாகக் கிடைத்தது. ஆயினும் 1920-ஐ ஒட்டிச் சென்னை மாகாணத்தில் தொழிலாளர் நல ஆணையரின் பொறுப்பில் தாழ்த்தப்பட்டோருக்கெனத் தனிக் கூட்டுறவுச் சங்கங்கள் அமைக்கப்பட்டன. குடிசை நிற்கும் மனை நிலக்கிழாருக்கு உரியதாக இருந்ததால், எதிர்த்துப் பேசினால் குடும்பமே தெருவில் நிற்கும் நிலை அன்று. இச்சங்கங்களின் வழியாக நம்மவர் வீட்டுமனை பெற்று, அதன் விலையைத் தவணை தவணையாகச் செலுத்தினர். தவணை செலுத்துதல் என்பது சேமிப்பின் மறுபெயரே அன்றோ? அடிமைத்தளையிலிருந்து விடுபடுவதற்கான மனை என்றபோது, அரைவயிற்றுக் கூலியிலும் மிச்சம் பிடிக்க நம் முன்னோர் அறிந்திருந்தனர்.

விடுதலைக்குப் பின் இரு நிகழ்ச்சிகள் பெருந்திருப்பமாயின. 1969-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 19-ஆம் நாள் 14 பெரிய வங்கிகள் நாட்டுடைமையாயின. 1980-இல் மேலும் 6 வங்கிகள் சேர்ந்தன. 1969-இல் நாடு முழுவதும் சற்றேறக்குறைய 8,300 வங்கிக் கிளைகளே இருந்தன. 1990-இல் அவ்வெண்ணிக்கை 60,000-ஐ நெருங்கியது. அவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை சிற்றூர்க் கிளைகள். நாட்டுச் சேமிப்பு 1970-களில் உயர்ந்ததற்கு இக்கிளைகளின் பெருக்கமும் ஒரு காரணம் என்பர் பொருளியலார். மற்றொன்று, 1975 அக்டோபரில் அவசரச் சட்டமாக வந்து 1976-இல் நிலைபெற்ற கொத்தடிமை ஒழிப்புச் சட்டம். இருவேல்பட்டுப் படியாளின் தீராக் கடன் சட்டத்தின் பார்வையில் அன்று இறந்தது. செங்கற் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் கொத்தடிமைகள் மீட்கப்பட்ட செய்திகள் பின்னரும் வந்தன என்பதையும் மறைப்பதற்கில்லை.

பெண்கள் செய்த பணியை இங்குத் தனியே போற்ற வேண்டும். பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு 1989-இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுத் திட்டம், 1991-92-இல் நம் தென்னார்க்காட்டிற்கும் வந்தது. 1997 முதல் மகளிர் திட்டமாகத் தமிழகம் முழுதும் விரிந்தது. பித்தளைக் குடத்தில் சேமித்த தாயின் மகள், குழுவின் கணக்கேட்டில் கையொப்பமிட்டாள். வங்கி மேலாளரின் எதிரே நாற்காலியில் அமர்ந்தாள்.

பள்ளிகளில் நடைபெற்ற சஞ்சாயிகா சிறுசேமிப்பை நம் வயதினர் மறந்திருக்க மாட்டார்கள். 1990-களில் நாம் பொறுப்பேற்று நடத்திய சஞ்சாயிகாவில் மாணவி ஒருத்தி இருந்தாள். அவள் பாட்டனார் படியாளாய் இருந்தவர். வாரந்தோறும் நாலணாவோ எட்டணாவோ கொண்டுவருவாள். மூன்று ஆண்டுகளில் அவள் கணக்கில் ஒரு வாரம்கூட விடுபட்டதில்லை. பத்தாம் வகுப்புத் தேர்வுக் கட்டணத்தை அவள் தன் கணக்கிலிருந்தே எடுத்துக் கட்டியபோது, ஓய்வறையில் கேட்ட அந்தப் பழைய சொல்லுக்கு முதல் விடை கிடைத்ததாக உணர்ந்தோம்.

நெய்வேலியும் விருத்தாசலமும்

அமைப்பு எவ்வாறு சேமிப்பை உண்டாக்குகிறது என்பதை அறிய ஜப்பான் வரை செல்லவேண்டியதில்லை. நம் ஊரிலிருந்து நெய்வேலி வரை சென்றால் போதும். 1956-இல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் தோன்றியது. அச்சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரியோடு கிடைத்த வெண்களிமண்ணை மூலப்பொருளாகக் கொண்டு நம் விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் வளர்ந்தது. ஒரே குடியிருப்பில் பிறந்த இருவருள் ஒருவர் சுரங்கத்தில் நிரந்தரத் தொழிலாளியாகிறார். மற்றவர் சிறு பீங்கான் பட்டறையில் அச்சு வார்க்கவும் சூளை அடுக்கவும் நாட்கூலிக்குச் செல்கிறார். முப்பது ஆண்டுகள் கழித்து முன்னவர் வருங்கால வைப்பு நிதியோடு ஓய்வு பெற்று வீடு கட்டுகிறார். பின்னவர் மகளின் திருமணத்திற்கு வட்டிக்கு வாங்குகிறார். ஊர் என்ன சொல்கிறது? முன்னவர் சிக்கனமானவர், பின்னவர் கையில் காசு தங்காது என்று சொல்கிறது.

உண்மையில் முன்னவர் தாமாகச் சேமிக்கவில்லை. கூலி கைக்கு வருமுன் பிடித்தம் செய்யப்பட்டது. அதற்கு ஈடான தொகையை நிறுவனமும் செலுத்தியது. வருங்கால வைப்பு நிதிச் சட்டம் 1952-இல் இயற்றப்பட்டது. இருபது பேருக்குக் குறையாமல் பணியாற்றும் நிறுவனங்களுக்கே அது பொதுவாகப் பொருந்தும். சிறு பட்டறைத் தொழிலாளி அவ்வேலிக்கு வெளியே நிற்கிறார். இருவர்க்கும் இடையே உள்ள வேறுபாடு ஒரு சட்டப்பிரிவின் அளவே.

கடல் கடந்து சென்ற தமிழரின் வரலாறும் இதையே கூறும். மலாயாவில் 1951-இல் ஊழியர் சேமநிதி சட்டமாயிற்று. தோட்டங்களில் பால் மரம் சீவிய தமிழர் பலர்க்கு முதுமைக்கென ஒரு தொகை அதனால் கிட்டியது. சிங்கப்பூரில் மத்திய சேமநிதி 1955-இல் தொடங்கியது. தொழிலாளியும் முதலாளியும் செலுத்திய பங்கு சேர்ந்து 1984-இல் ஊதியத்தில் 50 விழுக்காட்டை எட்டியது. உலகில் மிகுதியாகச் சேமிக்கும் நாடுகளுள் சிங்கப்பூர் ஒன்றாக விளங்குவதற்கு இது முதன்மையான காரணங்களுள் ஒன்று. ஊரில் கையில் காசு தங்காதவர் எனப்பட்ட தமிழரே அங்கு அந்நிதியின் உறுப்பினராயினர்.

நம்பிக்கை உடைந்தால்

குளம் இருந்தால் மட்டும் போதாது. கரை உறுதியாக இருத்தல் வேண்டும். இதற்கு நம்மை ஒத்த மக்களின் வரலாறு ஒன்று உண்டு. அமெரிக்காவில் அடிமைத்தளை அறுந்த 1865-ஆம் ஆண்டில், விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்கென ஒரு சேமிப்பு வங்கி நிறுவப்பட்டது. பருத்திக் காட்டில் உழைத்தவர்களும் போர்முனையிலிருந்து திரும்பிய கறுப்பினப் படைவீரர்களும் சிறுகச் சிறுக அதில் சேர்த்தனர். அடிமையாய் இருந்தவனுக்குச் சேமிக்கத் தெரியாது என்று சொன்னோர் வாயடைத்தனர். ஆனால் வங்கியை நடத்தியோர் அப்பணத்தை உறுதியற்ற கடன்களில் இறைத்தனர். 1873-இல் நாட்டில் பொருளாதார நெருக்கடி மூண்டது. நிலைமையின் முழு ஆழம் தெரியாமலேயே, கறுப்பினத் தலைவர் பிரடெரிக் டக்ளஸ் 1874-இல் அதன் தலைமையை ஏற்று, தம் சொந்தப் பணத்தையும் இட்டுக் காக்க முயன்றார். பயனில்லை, அவ்வாண்டிலேயே வங்கி மூடப்பட்டது. 61,000-க்கு மேற்பட்டோரின் ஏறத்தாழ 30 இலட்சம் டாலர் சிக்கிக்கொண்டது. பலர்க்கு ஒரு பகுதியே திரும்பக் கிடைத்தது. சிலர்க்கு ஒன்றும் கிடைக்கவில்லை. வங்கி என்றாலே அஞ்சும் மனநிலை தலைமுறைகளுக்கு நீடித்தது. பின்னாளில் அவர்களையும் சேமிக்கத் தெரியாதவர் என்று உலகம் பழித்தது.

நம் மாநிலத்திலும் இத்தகைய உடைப்புகள் உண்டு. 1906-இல் சென்னையில் அர்பத்நாட் நிறுவனம் வீழ்ந்து பல்லாயிரவர் பணத்தை இழந்தனர். அவ்வீழ்ச்சியின் பின்னரே 1907-இல் இந்தியன் வங்கி தோன்றியது. 1990-களில் மிகுந்த வட்டிக்கு ஆசை காட்டிய நிதி நிறுவனங்கள் வரிசையாக மூடப்பட்டதையும், அதன் விளைவாக 1997-இல் தமிழக அரசு வைப்பீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் இயற்றியதையும் நம்மில் பலர் கண்கூடாகக் கண்டோம். பதிவில்லாத சீட்டில் பணம் இழந்த குடும்பங்கள் நம் குடியிருப்புகளில் இன்றும் உள்ளன. ஏழையின் சேமிப்பு ஒருமுறை உடைந்தால் பணம் மட்டும் போவதில்லை; மீண்டும் சேமிக்கும் மனமும் உடன் போய்விடுகிறது.

இன்று நம் முன் நிற்பது

2014 ஆகஸ்டில் தொடங்கிய மக்கள் நிதித் திட்டத்தால் 50 கோடிக்கு மேற்பட்ட வங்கிக் கணக்குகள் திறக்கப்பட்டுவிட்டன. குளத்தின் வாயில் இன்று ஏறத்தாழ எல்லார்க்கும் திறந்துவிட்டது எனலாம். ஆனால் இதே வேளையில் வேறொரு மாற்றம் நிகழ்கிறது. வாங்கிய கடனைக் கழித்துப் பார்த்தால், இந்தியக் குடும்பங்களின் நிதிச் சேமிப்பு 2022-23-இல் நாட்டு வருமானத்தில் சுமார் 5 விழுக்காட்டிற்கு இறங்கியது. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளில் இவ்வளவு தாழ்ந்ததில்லை. மக்கள் வைப்பதை முற்றிலும் நிறுத்திவிடவில்லை. கடன் வாங்குவது பெருகிவிட்டது. வீட்டுக்கும் நிலத்துக்கும் வாங்கிய கடன் ஒருபுறம் இருக்க, கைப்பேசிக்கும் வாகனத்துக்கும் விழாவுக்கும் வாங்கும் கடன் மறுபுறம் வளர்கிறது. நுண்கடன் நிறுவனங்களின் வாரத் தவணைக்கு அஞ்சி வாழும் பெண்கள் நம் தெருக்களில் உள்ளனர். கட்டாய வசூலைத் தடுக்க 2025-இல் தமிழ்நாடு சட்டமன்றம் ஒரு சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. படியாளின் கடன் நிலக்கிழாரின் ஏட்டில் இருந்தது; இன்றைய கடன் கைப்பேசியில் இருக்கிறது. நாளைய உழைப்பை இன்றே விற்றுவிடும் தன்மையில் இரண்டும் உறவினவே.

இன்னொன்றையும் நினைவில் கொள்ளவேண்டும். இந்திய மாநிலங்களுள் முதியோர் மிகுந்தவற்றில் தமிழகமும் ஒன்று. ஜப்பான் நடந்த பாதையில் நாமும் நடக்கத் தொடங்கிவிட்டோம்; ஆனால் ஜப்பான் செல்வம் சேர்த்த பின் முதுமையடைந்தது. இன்று இருபதிலும் முப்பதிலும் இருக்கும் நம் இளைஞர்களே சேமிக்கும் தலைமுறை. இப்பருவம் கடந்தால் மீளாது.

ஆகவே நாம் இளைஞர்க்குச் சொல்ல விரும்புவன சிலவே. வேலைக்குச் சேரும்போது கூலி எவ்வளவு என்று கேட்பதோடு நில்லாமல், வைப்பு நிதி உண்டா என்றும் கேளுங்கள். அது கருணையன்று, சட்டம் தந்த உரிமை. சேமிப்பைச் சட்டத்தின் காவல் உள்ள இடத்திலேயே வையுங்கள். மிகுந்த வட்டி பேசுவோரிடம் வைக்காதீர்கள். வருமானம் தரும் பொருளுக்கன்றி வேறெதற்கும் கடன் கொள்ளத் தயங்குங்கள். பட்டறைத் தொழிலாளர்க்கும் வயல் தொழிலாளர்க்கும் வைப்பு நிதி வேண்டுமென்ற கோரிக்கையை விடாமல் எழுப்புங்கள். தனி மனிதரின் சிக்கனம் அவர் குடும்பத்தைக் காக்கும். அமைப்பு மாறினால்தான் சமுதாயத்தின் சேமிப்பு உயரும்.

இறுதியாக ஒன்று. நாட்டு வருமானக் கணக்கை எழுதும் முறையில், பள்ளிக் கட்டணமும் புத்தகச் செலவும் நுகர்வு என்றே சேர்க்கப்படுகின்றன. உண்டு தீர்த்த சோறும் படித்த படிப்பும் அங்கு ஒரே வரிசையில் நிற்கின்றன. அக்கணக்கு அவர்களுக்குச் சரியாக இருக்கலாம். நம் கணக்கில் படிப்பே தலையாய சேமிப்பு. நிலத்தைப் பறித்தார்கள், மனையிலிருந்து விரட்டினார்கள், கூலியைக் கடனில் கழித்தார்கள். கற்ற கல்வியை எவரும் ஏட்டில் எழுதி எடுத்துச் செல்ல முடியவில்லை. 1916-இல் சிதம்பரத்தில் சுவாமி சகசானந்தர் நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவியபோதும், 1945-இல் பம்பாயில் அண்ணல் மக்கள் கல்விக் கழகத்தைத் தொடங்கியபோதும் இவ்வுண்மையையே செயலில் காட்டினர்.

நம் சங்கத்தின் இருபத்தைந்து ஆண்டு வரவேட்டைப் புரட்டிப் பாருங்கள். கூலித் தொழிலாளர், சூளைத் தொழிலாளர், துப்புரவுப் பணியாளர், எழுத்தர், ஆசிரியர் ஆகியோரின் மாதச் சந்தா அதில் வரிசையாக உள்ளது. மழையில்லாத ஆண்டிலும் பெருந்தொற்றுக் காலத்திலும் தொகை குறைந்ததுண்டு, வரிசை அறுந்ததில்லை. நம் மக்கள் கையில் காசு தங்காது என்று சொன்ன அம்மூத்தவர் இன்று நம்மிடையே இல்லை. இருந்திருப்பின், மறுமொழி ஏதும் கூறாது அவ்வேட்டை அவர் கையில் கொடுத்திருப்போம்.